தாத்தா என்ன பாடுவார் என்று நீ கேட்டதற்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் நலம். செவலை கன்று போட்டிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரை மாமா சரிசெய்து கொடுத்துவிட்டார். மற்ற ஊர்ச் செய்திகள் எதையும் இதில் எழுதப் போவதில்லை. இந்தக் கடிதம் ஒரே ஒரு விஷயத்துக்காக. தை மாதம் நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து இரண்டு நாள் தங்கியிருந்தபோது, இரண்டாம் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே என்னிடம் ஒன்று கேட்டாய். ‘துகில் கூத்தில் திரௌபதையைச் சபைக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியதும் தாத்தா என்னம்மா பாடுவார்?’ என்றாய். எனக்கு எப்படித் தெரியும், பேசாமல் தூங்கு, காலையில் ஐந்தரைக்குப் பஸ் என்று சொல்லிவிட்டேன். நீயும் தூங்கினாய், அல்லது தூங்கியதுபோல் இருந்தாய். பங்குனிக்குப் பிறகு உன்னிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டால் ‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்று ஒரு வரி வந்து விழுகிறது. அதைக் குறையாக எழுதவில்லை. வேலை என்றால் அப்படித்தான் இருக்கும். நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் இத்தனை மாதமாக மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவும் தெரியாது. பாட்டு தெரியும். திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டிக்கொண்டு தாத்தா தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, தரு, விருத்தம் என்கிற கூத்துப் பாட்டெல்லாம் எனக்கு அரைத் தூக்கத்தில்கூட வரும். ஆனால் பாட்டு வேறு, கூத்து வேறு. இருபது வருடத்துக்குமேல் திரௌபதை வேஷம் கட்டி, நாற்பது வயதுக்குப் பிறகு மரத்தால் செய்த புஜக்கட்டை கட்டுகிற கட்டை வேஷத்துக்கு மாறிக் கர்ணனாக நின்ற ஒரு மனிதரின் மகள், அவர் ஆடிய ஒரு கூத்தைக்கூட விடியும்வரை உட்கார்ந்து பார்த்ததில்லை. பாரதத் திருவிழா நடக்கும்போது பகலில் கோவிலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வாரே, அதற்கு முன்வரிசையில் போய் உட்காருவேன். அதே கதையை இரவில் கூத்தில் ஆடினால் கதவைச் சாத்திக்கொள்வேன். படிப்பது இலக்கியம், ஆடுவது கொச்சை என்பது என் கணக்கு. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்திவிட்டு, இந்தக் கணக்கை ஒரு முறையும் சரிபார்க்காமலே ஓய்வு பெற்றேன்.

இந்த வைகாசியில் நம் ஊர்த் திரௌபதை அம்மன் கோவிலில் பாரதம் வைத்தார்கள். கூத்து பத்து இரவு. பத்து இரவும் நான் போனேன். இந்த வயதில் கண் விழிக்காதே என்று மாமா திட்டினார். பகலில் தூங்கிவிட்டுப் போனேன். நீயும் எப்போதாவது கூத்து பார்க்கப் போனால் பகலில் கட்டாயம் தூங்கிவிட்டுப் போ. அங்கே நீ இரவில் தூங்குகிறாயா என்பதே எனக்குத் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

முதல் இரவு எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வீட்டிலிருந்து நாற்காலி எடுத்துக்கொண்டு போய் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் களரி கட்டினார்கள், அதாவது வாத்தியங்களை முழக்கிக் கூத்தைத் தொடங்கினார்கள்; மத்தளமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து எழுந்தபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. தாத்தா காலத்தில் மைக் இல்லை, அந்தத் தொண்டையே கடைசி வரிசைவரை போகும். இப்போது மைக்கும் வைத்துக்கொண்டு அதே உச்சத்தில் பாடுகிறார்கள். அதற்குமேல், ராஜா வருகிறார், வருகிறார் என்கிறார்களே தவிர வருவதாக இல்லை. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாக ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அதற்குப் பின்னாலிருந்து ஒருவர் பாடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள், மறுபடியும் அவர் பாடுகிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற கதையை எதற்காக இரவு முழுவதும் இழுக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாம் இரவு, மறைக்கிறது என்று பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்டதால் நாற்காலியை விட்டுவிட்டு, நெல் மிஷின் வீட்டு அத்தையின் பாயில் போய் உட்கார்ந்தேன். உனக்கு அத்தையைத் தெரியும். வாயைத் திறந்தால் மூட மாட்டார். ஆனால் கூத்துக் களரியில் அவர் பேசவே இல்லை. நான்தான், ‘எப்போது அத்தை கதைக்கு வருவார்கள்?’ என்று கேட்டேன். ‘கத உனக்குத் தெரியாததா? ஆளப் பாரு’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். தரையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கால்கள் கண்ணில் பட்டன. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும் அதில் பதித்த கண்ணாடிச் சில்லுகளும் தெரிகின்றன. திரைக்குக் கீழே சலங்கை கட்டிய பாதங்கள் தெரிகின்றன. நடுவில் இருக்கிற ஆள் தெரியவில்லை. அந்தப் பாதங்கள் சும்மா இல்லை. உள்ளே நிற்கிறவன் கோபக்காரனா, அடக்கமானவனா, பயந்தவனா என்பதை முகம் வருவதற்கு முன்பே அவை சொல்லிவிடுகின்றன. துரியோதனன் திரைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றான் என்றால், அந்த முக்கால் மணி நேரமும் நாம் அவனுக்குப் பயப்படக் கற்றுக்கொள்கிறோம். திரை விலகும்போது அரிதாரம் பூசிய சிவந்த முகமும், இரண்டு புஜங்களிலும் ஏறி நிற்கிற கட்டையும், மார்புப் பதக்கமும், இடுப்பைச் சுற்றிக் குடைபோல் விரிந்த உடுப்புமாக ஒரு சாதாரண மனிதன் இரண்டு மடங்காகி வந்து நிற்கிறான். பிறகு கிறிக்கி என்று சொல்வார்களே, அப்படிச் சுழல்கிறான். அவ்வளவு கனத்தையும் போட்டுக்கொண்டு பம்பரம் மாதிரி சுற்றி, சட்டென்று தாளத்தில் நிற்கிறான். கண்ணாடிச் சில்லுகள் மட்டும் அதற்குப் பிறகும் ஒரு கணம் ஆடுகின்றன.

கட்டைகள் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை, கனம் குறைவாக இருப்பதற்காக. அதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நம் பரண் மேலிருந்த பெட்டியில் தாத்தாவின் புஜக்கட்டைகளைச் சிறு வயதில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது பாரமாகத் தெரிகிறது, கையில் வந்தால் பஞ்சு மாதிரி இருக்கிறது. தெருக்கூத்து என்று யாராவது சொன்னால் தாத்தாவுக்குக் கோபம் வரும். ‘தெருவுல ஆடுறவன் பிச்சக்காரன், நான் கட்ட கட்டுறவன்’ என்பார். இப்போது கட்டைக்கூத்து என்ற பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று பெருங்கட்டூர் ராஜகோபால் போன்றவர்கள் வாதாடி, 1990-இல் ஒரு சங்கமே வைத்து, 2002-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு குருகுலமும் நடத்தினார்கள். பெண் பிள்ளைகளும் அங்கே கட்டை கட்டிக்கொண்டு ஆடினார்கள். 2020-இல் அதை மூடிவிட்டார்கள். நம் வீட்டில் அப்படி ஒரு பேச்சு வந்திருந்தால் நான் உன்னை அனுப்பியிருப்பேனா என்று கேட்காதே. பரதநாட்டியத்துக்குத்தான் அனுப்பினேன், அதுவும் பத்தாம் வகுப்போடு நிறுத்தினேன்.

கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன்தான் எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை. அவன் பேச்சில் பாதியை எழுத முடியாது. ஆனால் அவன் ஒருவன்தான் ராஜாவுக்கும் வேலைக்காரனாக நிற்கிறான், நமக்கும் பக்கத்து வீட்டுக்காரனாக நிற்கிறான்; ராஜாவை அவன் கேட்கிற கேள்வியை வேறு யாரும் கேட்க முடியாது. மூன்றாம் இரவு என்னை அடையாளம் கண்டுகொண்டு, ‘டீச்சரம்மா வந்துருக்காங்க, எல்லாரும் தப்பு இல்லாம பாடுங்கடா’ என்றான். ஊரே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

கூத்து பார்க்கிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்று: பாதியில் எழுந்து வரக் கூடாது. பத்து மணிக்கு வந்து, பன்னிரண்டு மணிக்குச் சலித்துப்போய், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்கள் கூத்தே பார்க்கவில்லை. இரண்டு மணி மூன்று மணிக்கு ஒரு கட்டம் வருகிறது. உடம்பு தூக்கத்துக்கு இழுக்கிறது, பிள்ளைகளெல்லாம் பாயில் சுருண்டுவிடுகிறார்கள், டீக்கடைக்காரர் மட்டும் விழித்திருக்கிறார், ஆடுகிறவர்களுக்கும் தொண்டை கட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் கூத்து இறங்குகிறது. ஆகவே பாதியில் எழுந்து வரக் கூடாது, பொறுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். கூத்தைத்தான் சொல்கிறேன். வேறு எதையும் நினைத்துக்கொண்டு எழுதவில்லை.

அர்ச்சுனன் தபசைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கோவிலுக்கு எதிரே பனைமர உயரத்துக்குத் தபசு மரம் நட்டு, வேஷக்காரர் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு அதன் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து வில்வ இலையும் எலுமிச்சம்பழமும் வீசினார். கீழே பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு மடியேந்தி நின்ற பெண்களைப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன்பு பக்கத்து ஊர்ப் பாரதத்தில் நானும் அப்படி ஒரு பழத்துக்கு ஆள் வைத்து வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, புனேவுக்குக் கூரியரில் அனுப்பினேன். நீ அதை என்ன செய்தாய் என்று இதுவரை கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். இந்த முறை ஒரு பழம் உருண்டு என் பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. எடுத்து, எதிரில் அழுதுகொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

சூதாட்டமும் துகிலுரிதலும் வருகிற பகடை துகில் நான்காம் இரவு. அன்றைக்குத் திரௌபதை வேஷம் கட்டியவருக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். பகலில் கொத்தனார் வேலை என்றார்கள். தாத்தா அளவுக்குக் குரல் இல்லை. ஆனால் கூந்தலை விரித்துக்கொண்டு அவர் களரிக்கு வந்தபோது என் பக்கத்திலிருந்த அத்தை கால்களை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். துச்சாதனன் வேஷக்காரர் உடனே சேலையில் கை வைத்துவிடவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, திரௌபதை வேஷக்காரரின் முன்னால் விழுந்து கும்பிட்டு, தாயே, இது என் வேஷம், என் மனமல்ல, என் குடும்பத்தின்மேல் குற்றம் வைக்காதே என்று வேண்டிக்கொண்ட பிறகுதான் முந்தானையைத் தொட்டார். தொட்ட கை நடுங்கியது. அது நடிப்பு நடுக்கமல்ல. வளையல் விற்கிறவரின் கைபோல் விரல்களை வெகு ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டு அந்த முனையைப் பிடித்திருந்தார்.

பிறகு அவள் கேட்கிறாள். தருமன் தன்னை முதலில் தோற்றானா, என்னை முதலில் தோற்றானா. தன்னையே தோற்று அடிமையானவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று கேட்கிறாள். இதைத்தான் நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பீஷ்மரும் துரோணரும் விதுரரும் அமர்ந்திருந்த சபையில் அவள் கேட்டாள் என்று கரும்பலகையில் பெயர் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் ஜமா என்கிற கூத்துக் குழுவில் இருப்பதே பதினைந்து பேர். பீஷ்மருக்கும் துரோணருக்கும் ஆள் ஏது? களரியில் ஒரு பெஞ்சும், அதில் துரியோதனனும், ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தருமனும்தான் இருந்தார்கள். ஆகவே அந்தப் பிள்ளை திரும்பி எங்களைப் பார்த்துக் கேட்டார், பாப்பா. ‘சபையில் இருக்கிற பெரியவர்களே’ என்று பாயில் உட்கார்ந்திருந்த எங்களை நோக்கிக் கையை நீட்டிக் கேட்டார். ஒரு முறை அல்ல. அதே அடியை மூன்று பக்கமும் திரும்பித் திரும்பிப் பாடினார், பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு முறையும் அதை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாத்தா பாடியதும் அதே பாட்டுதான். சொல் எனக்கு முழுவதும் தெரியும், நேரில் வந்தால் பாடியே காட்டுகிறேன். எழுதினால் அது வெறும் கேள்வியாக இருக்கும். மூன்று பக்கமும் திரும்பிக் கேட்டும் யாரும் பதில் சொல்லாத கேள்வி அது என்பதுதான் நீ கேட்டதற்குப் பதில். நீ அன்றைக்கு இருட்டில் எதைக் கேட்டாய் என்பது எனக்கு அந்த நான்காம் இரவு, மூன்று மணிக்குத்தான் புரிந்தது. புரிந்தது தவறாகவும் இருக்கலாம். தவறாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

துகில் முடிந்ததும் பெண்கள் திரௌபதைக்குச் சேலை வைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சேலைகள் எனக்குத் தெரியும். தாத்தாவுக்கு வந்த சேலைகள்தான் ஆயாவுக்குக் கட்டிக்கொள்ள; என் முதல் தாவணிகூட அப்படி வந்த அரக்குச் சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்ததுதான். அதை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது ஒரு பெண், ‘இது உங்கப்பா கட்டுன சேலையா, உங்கம்மா கட்டுனதா?’ என்று கேட்டாள். அன்றைக்கு வந்து அரிவாள்மணையில் அந்தத் தாவணியைத் துண்டு துண்டாக அறுத்தேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, அரிதாரம் துடைக்க ஆகும் என்று பெட்டியில் வைத்துக்கொண்டார்.

உனக்கு இதையெல்லாம் சொன்னதில்லை. இன்னொன்றும் சொன்னதில்லை. 1984-இல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, ‘பெண்ணின் அப்பா என்ன செய்கிறார்?’ என்று உன் அப்பா வீட்டில் கேட்டார்கள். ‘வாத்தியார்’ என்று பெரியப்பா சொன்னார். அது பொய்யில்லை, ஜமாவை நடத்துகிறவரை வாத்தியார் என்றுதான் இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் அப்போது வேலைக்கு ஆர்டர் வந்திருந்ததால், வாத்தியார் வீட்டுப் பெண் வாத்தியாராகிறாள் என்று அவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. நான் காபித் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். திருத்தவில்லை. தாத்தாவும் அந்த அறையில்தான் இருந்தார், அவரும் திருத்தவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்து, உன் அப்பா வீட்டில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்து அடங்கிவிட்டது. ஆனால் தாத்தா என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், புருவத்தில் ஒட்டிய கறுப்பு மை போகும்வரை தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார். நீ குழந்தையாக அவர் மடியில் உட்கார்ந்து புருவத்தைத் தடவிப் பார்ப்பாய்.

1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி நம் செய்யாற்றுக்குப் பக்கத்துப் புரிசைக் கூத்தைப் பார்த்து வியந்து எழுதினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் பட்டணத்து நடிகர்கள் பாடம் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வருடக்கணக்கில் இங்கே தங்கிப் புத்தகம் எழுதிக்கொண்டு போனார்கள். அதையெல்லாம் நான் பத்திரிகையில் படித்து, பெருமையாகச் சக ஆசிரியர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். என் அப்பா அதே வேஷம் கட்டுகிறவர் என்பதை மட்டும் சொன்னதில்லை.

1999-இல் தாத்தா தவறினார். பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் ஜமா முழுவதும் நம் வாசலில் வந்து நின்றது. இந்தப் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்திருக்காது; இறந்தவருக்கு நல்ல கதி கிடைக்க வேண்டும் என்று காரியத்து இரவில் கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். யாரும் சொல்லி அனுப்பாமல், காசு பேசாமல், கட்டைப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவர்களாகவே வந்திருந்தார்கள். வாத்தியாருக்கு நாங்கள் செய்யாவிட்டால் யார் செய்வது என்றார் மத்தளக்காரர். நான் வேண்டாம் என்றேன். என் பள்ளியிலிருந்து தலைமையாசிரியரும் மற்றவர்களும் மாலையில் வருவதாக இருந்தது. உன் அப்பா, ‘ஆடிவிட்டுப் போகட்டுமே’ என்றார். நான் தான் மாட்டேன் என்றேன். சாப்பாடு போட்டு, வெற்றிலை பாக்கும் பஸ் செலவுக்குப் பணமும் வைத்துக் கொடுத்து அனுப்பினேன். பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்ற முடியாமல் அவர்கள் திண்டாடியதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தளக்காரருக்கு அப்போதே எழுபது வயது இருக்கும். அவர்தான் கீழிருந்து தாங்கிப் பிடித்தார்.

இந்த வருடம் ஒன்பதாம் இரவு கர்ண மோட்சம் ஆடினார்கள். போருக்குப் போகிறவன் பொன்னுருவியிடம் விடைபெற வந்து நிற்கிறான். தேரோட்டி மகன் என்று பிறப்பைச் சொல்லி அவள் முகம் கொடுக்க மறுக்கிறாள். அவன் யார் என்பது அவளுக்குத் தெரியவரும்போது போக வேண்டிய நேரம் ஆகிவிடுகிறது. தாத்தா அந்த இடத்தில் எப்படி நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து வரக் கூடாது என்று உனக்கு எழுதினேனே, நான் எழுந்து வந்தேன். கோவில் மதிலுக்குப் பின்னால் போய் நின்று, விடிகிறவரை காதால் கேட்டேன்.

கடைசி நாள், பாரதப் போரின் முடிவைக் காட்டுகிற படுகளத்துக்குப் போனேன். தெருவை அடைத்துக்கொண்டு மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்திருந்தார்கள். பீமன் தொடையில் அடித்து, திரௌபதை கூந்தலை முடிந்து பூ வைத்துக்கொண்டதும், துடைப்பமும் முறமுமாகப் பெண்கள் அந்த மண் உருவத்தை அடிக்கிற அடியை நீ பார்க்க வேண்டும். அத்தை என் கையிலும் ஒரு முறத்தைக் கொடுத்தார். நானும் இரண்டு அடி அடித்தேன். யாரை நினைத்து அடித்தேன் என்பது எனக்கே தெளிவாக இல்லை.

ஆவணியில் தாத்தாவின் திதி வருகிறது. இருபத்தைந்து வருடத்துக்குமேல் கடந்து செய்கிற காரியம் கணக்கில் சேருமா என்று பிரசங்கியாரைக் கேட்டேன். கூத்துக்குக் கணக்குக் கிடையாது என்றார். அந்த ஜமாவில் பழையவர்கள் யாரும் இப்போது இல்லை, மத்தளக்காரரின் பேரன்தான் நடத்துகிறான். கர்ண மோட்சம் ஆடச் சொல்லித் தாம்பூலம் மாற்றிவிட்டேன். நம் வீட்டு வாசலில்தான் களரி. மேற்கே பார்த்துத் திரை, பந்தலுக்கு மாமா சொல்லியிருக்கிறார். தாத்தாவின் புஜக்கட்டைகளைப் புதிதாகக் கண்ணாடி ஒட்டக் கொடுத்திருக்கிறேன், அதைக் கட்டிக்கொண்டுதான் கர்ணன் வருவான்.

நீ வா. யாரோடு வருகிறாய், எத்தனை நாள் இருப்பாய், லீவு கிடைத்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. வாசலில் வைத்து யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன். தை மாதம் உன்னை ஐந்தரை மணிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கொல்லைப் பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். பஸ் திரும்புகிறவரைகூட நிற்கவில்லை. பாதியில் எழுந்து வரக் கூடாது என்று மேலே எழுதியதைக் கூத்துக்கு மட்டும் வைத்துக்கொள். பகலில் தூங்கு, வேளைக்குச் சாப்பிடு.

உன் அறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை எல்லாம் கூடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். ஜன்னல் கதவுக்கு மட்டும் கொக்கி போட வேண்டும், அதற்கு ஆசாரி செவ்வாய்க்கிழமை வருகிறார்.

இப்படிக்கு,
அம்மா